திருவிருதயத் தொண்டர் மார்கரீத்து மரியம்மையார்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலையில் நம் நாட்டுக் கத்தோலிக்கக் கோவிலொன்றன் வாயிலைக் கடந்து செல்வோர், மற்றை வெள்ளிக்கிழமைகளினும் அன்று அங்கே கூட்டம் மிக்கிருத்தலைக் கண்டிருப்பர். அம்மதத்தினர் வீடுகளிலும், முட்களாற் சூழப்பெற்றுத் தீக்கொழுந்து மேலெழும் தம் இருதயத்தை மார்பிற் காட்டி நிற்கும் இயேசுநாதரின் படம் உள்ளே புகுவார் கண்ணில் முதலிற் படுமாறு மாட்டப்பட்டிருக்கும். புதுச்சேரியில் 1907-ம் ஆண்டில் கட்டி முடிந்த பெருங்கோவில் அத்திருவிருதயத்தின் பெயராலேயே வழங்குகின்றது. இவ்வழிபாடு எங்கிருந்து இவ்வாறு பரந்ததென வினவுவார்க்கு ஒரு பெண்மணியின் வரலாற்றைச் சொல்லுதலே தக்க விடையாகும். அவர் கல்வியிற் சிறந்தவரல்லர், செல்வமுடையவரல்லர், மடம் புகுந்தபின் அதன் மதிலுக்கப்பால் வாழ்ந்தவருமல்லர். பிறந்த வீட்டில் அடிமைபோல் நடத்தப்பட்டார். புகுந்த மடத்தில் பல்லாண்டு நம்பப்படாதிருந்தார். அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும், சிறப்பாகத் தாய்மார்களும், அறிதல் நன்றெனக் கருதி ஈண்டு எழுதலுற்றேன்.

மார்கரீத்து அலக்கோக்கு என்பது இவரது இயற்பெயர். பிரான்சு தேசத்துப் பர்கண்டி நாட்டில் வெரோவர் என்னும் ஊரைச் சார்ந்த சிற்றூரொன்றில் 1647-ம் ஆண்டு ஜூலை மாதம் 22-ந் தேதி பிறந்தார். தந்தையார் கிளாது அலக்கோக்கு, அரசர் ஆணைபெற்றுப் பத்திரம் எழுதும் உத்தியோகத்தர். தாயார் பிலிபெர்த்து அம்மாள். மக்கள் எழுவருள் இவர் ஐந்தாமவர். இளமையில் ஞானத்தாயின் மாளிகையிற் சில ஆண்டு வளர்ந்தார். எட்டாம் வயதிலே தந்தையார் காலமாகவே, குடும்பம் நிலைதளர்ந்தது. சிறுமியை ஷரோல் என்னும் ஊரில் கிளாரம்மாள் சபைக் கன்னியர் நடத்திய பள்ளியில் விட்டனர். அங்கே ஒன்பதாம் வயதில் முதன்முதல் நற்கருணை பெற்றார். பின்னர் ஒரு கொடிய நோய் பற்றிக்கொள்ள, வீட்டிற்குக் கொண்டுவரப்பட்டு ஏறக்குறைய நான்காண்டு படுக்கையிற் கிடந்தார். தேவமாதாவுக்கு நேர்ந்துகொண்ட பின்னரே நோய் நீங்கியதென்பது அவர் துணிபு.

நோய் நீங்கி எழுந்தவர்க்கு நோயினுங் கொடியதோர் வாழ்க்கை காத்திருந்தது. தந்தையார் இறந்தபின் வீட்டின் அதிகாரம் தாயார் கையில் இல்லை. தந்தையைப் பெற்ற பாட்டியும், அத்தையும், மற்றொரு முதியவளுமாகிய மூவர் கைக்கு அது சென்றது. பெட்டியுஞ் சாவியும் அவர்களிடம். உணவும் உடையும் அவர்கள் இட்டால் உண்டு. தாயும் மகளும் தம் சொந்த வீட்டிலே ஏவற்பெண்டிர்போல் இருந்தனர். கோவிலுக்குச் செல்ல வேண்டின் மூவரும் ஒருங்கே உத்தரவு தரல் வேண்டும். ஒருத்தி இசைந்தால் மற்றொருத்தி மறுப்பாள். உத்தரவு கிடைத்த நாளிலும் உடுத்திச் செல்லத் தக்க ஆடையின்றி அயலாரிடம் இரவல் வாங்கினதுண்டு. கூட்டுக்குடும்பத்திற் கணவனை இழந்தவள் படும் பாடு நம்மவர்க்கு எடுத்து விளக்க வேண்டுவதன்று. சாவிக்கொத்து யார் இடுப்பிலிருக்கின்றது என்பதை வைத்தே ஒரு வீட்டின் நிலையை அறிந்துகொள்ளும் பெண்டிர் நம்மிடையே பலர் உளர்.

இந்நிலையில் தாயாரின் முகத்தில் கொடிய வீக்கம் ஒன்று கண்டு உயிர்க்கே இடர் விளைத்தது. வீட்டில் எல்லாம் பூட்டிக்கிடக்க, மகள் அண்டை வீடுகளிற் சென்று நோயாளிக்கு முட்டையும் பிறவும் இரந்து வந்தாள். புண்ணைத் தன் கையாலேயே கழுவிக் கட்டினாள். தாயார் பிழைத்தனர். பிற்காலத்துத் தம் வாழ்க்கையைத் தாமே எழுதப் புகுந்தபோது, அம்மூவரையும் இகழ்ந்து ஒரு சொல்லும் அம்மையார் எழுதவில்லை. தம் ஆன்மாவுக்கு நலஞ்செய்தவர்களாகவே அவர்களைக் கருதினார். அவர்தம் உள்ளம் அத்தன்மையது. எனினும், அன்பு செய்தும் அதற்கு எதிரன்பு பெறாமையின் துயரம் இன்னதென்பதை அவர் அக்காலத்தில் அவ்வீட்டின் அடுக்களையிலேயே கற்றுக்கொண்டார் என்று நான் கருதுகின்றேன். பின்னாளில் அவர் உலகிற்குச் சொல்ல நேர்ந்த செய்தி அத்துயரத்தைப் பற்றியதே.

மகள் வளர்ந்தாள், குடும்பமுஞ் சற்றே தலையெடுத்தது. உடன்பிறந்தார் அவளுக்கு மணம் முடிக்க விரும்பினர். தாயார், மகள் மணம் புரிந்துகொண்டால் தானும் அவ்வீட்டை விட்டு அவளுடன் சென்று வாழலாமென்று கண்ணீர்விட்டு வேண்டினார். துறவு பூண வேண்டுமென்னும் விருப்பம் ஒருபுறமும், தாயின் கண்ணீர் மற்றொருபுறமும் இழுக்க, அவள் சில ஆண்டு தடுமாறினாள். இளம்பெண்கள் விரும்பும் அணிகளையும் கேளிக்கைகளையும் ஓரளவு நாடினாள். ஒரு திருவிழாக் காலத்தில் தோழியரோடு முகமூடி அணிந்து சென்றதைப் பெரும்பாவமென வாழ்நாள் முழுதும் எண்ணி வருந்தினாள். நமக்கு அது பாவமாகத் தோன்றாது. முடிவில் துறவே வென்றது. 1669-ம் ஆண்டில் உறுதிபூசுதல் என்னும் சடங்கைப் பெற்றபோது மரி என்னும் பெயரையுஞ் சேர்த்துக்கொண்டார். 1671-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாரே-லெ-மொனியால் என்னும் ஊரிலிருந்த மடத்திற் புகுந்தார்.

அம்மடம் விசித்தாசியோன் சபையைச் சார்ந்தது. தேவமாதா எலிசபெத்தம்மாளைக் காணச் சென்ற நிகழ்ச்சியின் பெயரைத் தாங்கிய அச்சபையை, 1610-ம் ஆண்டில் பிரான்சிசு தெ சால் என்னும் மேற்றிராணியாரும் ஷந்தால் அம்மையாரும் நிறுவினர். பெருந்தவமும் அற்புதக் காட்சிகளும் அங்கே விரும்பப்படுவனவல்ல. அடக்கம், இன்முகம், ஒழுங்கு தவறாமை ஆகிய இவையே வேண்டப்படுவன. அத்தகைய மடத்தில், வேண்டுதலில் மூழ்கித் தன்னை மறக்கும் பெண்ணொருத்தி வந்து சேர்ந்தால் மூத்தோர் ஐயுறுதல் இயல்பேயாம். இவர் நடக்கும் நெறி இச்சபைக்கு ஏற்றதன்று என்று அவர்கள் வெளிப்படையாகவே கூறினர்; துறவு வாக்குக் கொடுக்கும் நாளையும் தள்ளி வைத்தனர்.

அக்காலத்து நிகழ்ந்தவற்றுள் இரண்டு எனக்கு மிக விருப்பமானவை. அலக்கோக்குக் குடும்பத்தார்க்குப் பாலாடைக்கட்டி என்றால் அருவருப்பு. அதனை உண்ணுமாறு தங்கையை வற்புறுத்தலாகாதென்று தமையனார் மடத்தாரிடம் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். ஆயினும் ஒருநாள் அது அவர் தட்டில் வந்தது. உண்ணவும் இயலவில்லை, தள்ளவும் மனமில்லை. நாட்கள் சில இப்போராட்டத்திற் கழிந்தன. பின்னர்க் கோவிலில் நெடுநேரம் அழுது வேண்டி வந்து, அதனை உண்டுவிட்டார். மற்றொன்று, வாக்குக் கொடுப்பதற்கு முன் தனித்திருந்து தியானிக்க வேண்டிய நாட்களில் நிகழ்ந்தது. மடத்துத் தலைவியார் இவரைக் கோவிலில் அமரவிடாமல், தோட்டத்தில் மேயும் ஒரு கழுதையும் அதன் குட்டியும் காய்கறிப் பாத்திகளிற் புகாதபடி காக்குமாறு ஏவினார். கட்டிவைத்தல் கூடாது, ஓடி ஓடி விரட்டல் வேண்டும். அவ்வாறே நாள் முழுதும் ஓடினார். தியானத்திற்கு இடையூறு நேர்ந்ததென்று அவர் முறையிடவில்லை; அத்தோட்டத்தின் மரச்செறிவிடையே தாம் பெற்ற பேரின்பத்தையே பின்னர் எழுதினார். பாத்திகளுங் கெடவில்லை. 1672-ம் ஆண்டு நவம்பர் மாதம் 6-ந் தேதி வாக்குக் கொடுத்து முழுத்துறவியானார்.

மடத்தில் அவருக்கு நோயாளர் அறைப்பணி கொடுக்கப்பட்டது. அதற்குத் தலைமை பூண்டவர் விரைவுஞ் சுறுசுறுப்பும் மிக்கவர். இவரோ கை பதறுபவர். பாத்திரங்கள் நழுவி உடையும், ஏச்சு விழும். இவ்வேலைகளுக்கிடையே, 1673-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 27-ந் தேதி, அருளப்பர் திருநாளன்று, நற்கருணைக்கு முன் இருந்தபோது தமக்கு இயேசுநாதர் காட்சியளித்ததாக அம்மையார் எழுதியுள்ளார். மக்கள்மீது கொண்ட அன்பின் தீயைத் தன்னுள் அடக்கிவைக்க இயலாத இருதயத்தை ஆண்டவர் அவருக்குக் காட்டினார் என்பதும், அம்மையாரின் நெஞ்சை எடுத்து அத்தீயில் தோய்த்துத் திரும்ப அளித்தார் என்பதும் அக்காட்சியின் சாரம். அடுத்த ஆண்டிற் கண்ட காட்சியில், மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை நற்கருணை பெறுமாறும், ஒவ்வொரு வியாழக்கிழமையும் இரவு பதினொரு மணி முதல் பன்னிரண்டு மணி வரை, ஜெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் தனித்துக் கலங்கிய துயரத்தை நினைந்து விழித்திருக்குமாறும் பணிக்கப்பட்டார். 1675-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் கண்ட காட்சியே தலையாயது. இத்துணை அன்பு செய்த இருதயம் மக்களிடமிருந்து பெறுவது பெரும்பாலும் நன்றியின்மையே என்பதும், அக்குறையை அன்பினால் ஈடுசெய்யும் பொருட்டு, நற்கருணைத் திருநாளின் எட்டாம் நாளை அடுத்து வரும் வெள்ளிக்கிழமையைத் திருவிருதயத் திருநாளாகக் கொண்டாட வேண்டுமென்பதும் அதன் பொருள்.

இதன் அருமை அக்காலத்தை அறிந்தார்க்கே விளங்கும். அந்நாளில் பிரான்சில் ஜான்சேனியர் என்னும் ஒரு சாரார் செல்வாக்குப் பெற்றிருந்தனர். அவருள் ஒருவரான அந்துவான் அர்நோ 1643-ல் வெளியிட்ட நூல், நற்கருணையை அணுகுதற்குரிய தகுதியை மிகக் கடுமையாக வரையறுத்தது. அதனால் பக்தியுடையாரும் அஞ்சி விலகுவாராயினர். கடவுளை நீதிபதியாக மட்டும் கண்டு நடுங்கிய அக்காலத்தில், அவர் அன்புக்காக ஏங்கி நிற்கின்றார், அடிக்கடி வருக என அழைக்கின்றார் என்று சொல்லுதல் புரட்சியே. திருவிருதயத்தைப் போற்றுதல் அம்மையார்க்கு முன்னும் உண்டு. ஜெர்மனி நாட்டு ஜெர்த்ரூத்தம்மையார் முதலியோர் அதனைக் கூறியுளர். ழான் யூது என்னும் குருவானவர் 1672-ம் ஆண்டிலேயே திருநாளுங் கொண்டாடினார். ஆயினும் வெள்ளிக்கிழமை, வியாழன் இரவு, தனித் திருநாள் என்று எளிய மக்களுங் கைக்கொள்ளத்தக்க முறைகள் பாரே மடத்திலிருந்தே பரவின.

நிற்க. காட்சி கண்டவர் நிலை யாதாயிற்று? அவர் கீழ்ப்படிதல் தவறாதவராகையால் எல்லாவற்றையும் தலைவியாராகிய சொமேசு அம்மையாரிடம் கூறினார். தலைவியார் நம்பவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. கற்றோர் சிலரை வரவழைத்து ஆராயச் செய்தார். அவர்கள் இதனை மயக்கமெனத் தீர்மானித்தனர். இப்பெண்ணுக்கு நன்றாகச் சூப்புக் கொடுத்து உண்ணச் செய்யுங்கள் என்பது அவருள் ஒருவர் கூறிய மருந்து. இதனைப் படித்துச் சிரிப்போர் உளர், யான் சிரியேன். உண்மையான அருளும், பசியாலும் விழிப்பாலும் பிறக்கும் மயக்கமும் வெளித்தோற்றத்தில் ஒத்தே இருக்கும். அன்றியும், அம்மையார் தம் உடலை வருத்திக்கொண்ட முறைகள் சில அளவு கடந்தனவே. மார்பில் இயேசுவின் பெயரைக் கத்தியாற் கீறிக்கொண்டதைப் போற்ற என் மனம் ஒருப்படவில்லை. தலைவியரும் அத்தகைய செயல்களுக்கு வரம்பு கட்டினர். ஆனால், கற்றோர் தீர்ப்புக் கேட்டபின் அம்மையார் பட்ட துன்பம் பெரிது. தம்மை ஏமாற்றுவது பேயோ என அவரே அஞ்சத் தொடங்கினார்.

அவ்வமயம், 1675-ம் ஆண்டின் தொடக்கத்தில், சேசுசபைக் குருவாகிய கிளாது லா கொலொம்பியேர் பாரே நகரத்து இல்லத்திற்குத் தலைவராக வந்தார். முப்பத்து நான்கு வயதினர்; சிறந்த சொல்வன்மையர்; பெரிய நகரங்களில் விளங்கத் தக்கவர். அத்தகையாரை ஏன் இச்சிற்றூருக்கு அனுப்பினர் எனச் சிலர் வியந்தனர். மடத்துப் பெண்டிர்க்கு அவர் ஆற்றிய முதற் சொற்பொழிவிலேயே அம்மையார் தமக்கென அனுப்பப்பட்டவர் இவரென உணர்ந்தார். அவர் பொறுமையாகக் கேட்டார். அம்மையாரின் பணிவையும் கீழ்ப்படிதலையும் ஆராய்ந்தார். இது மயக்கமன்று எனத் துணிந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் 21-ந் தேதி வெள்ளிக்கிழமை, காட்சியிற் குறித்த நாளிலேயே, அவர் தம்மைத் திருவிருதயத்திற்கு ஒப்புக்கொடுத்தார். ஆனால் அத்துணை நீடிக்கவில்லை. 1676-ம் ஆண்டில் யார்க்குக் கோமகளின் போதகராக அவர் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே 1678-ல், கத்தோலிக்கர் அரசனைக் கொல்லச் சதி செய்தனர் எனத் தைத்தஸ் ஓத்ஸ் என்பான் கட்டிய பொய்யினால் எழுந்த கலகத்தில் சிறைப்பட்டு, நாடு கடத்தப்பட்டு, உடல்நலிந்து திரும்பினார். 1682-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15-ந் தேதி பாரேயிலேயே உயிர்நீத்தார்.

மடத்தில் 1678 முதல் தலைவியாயிருந்த கிரெபியே அம்மையார் கண்டிப்பு மிக்கவர். வியாழன் இரவு விழித்திருத்தலை நிறுத்துமாறு கட்டளையிட்டார், அம்மையார் நிறுத்தினார். ஆண்டவர் சொன்னதாயிற்றே என்று வாதிடவில்லை. பின்னர்த் தலைவியாரே மனமிரங்கி மீண்டும் உத்தரவு கொடுத்தார். தம் காட்சியை விடத் தலைவியின் சொல்லைப் பெரிதாகக் கொண்ட இப்பண்பே, ஐயுற்றோரையும் நாளடைவில் அசைத்தது.

1684-ம் ஆண்டில் லா கொலொம்பியேர் அடிகளின் தியானக் குறிப்புக்கள் லியோன் நகரில் அச்சாயின. மடங்களில் உணவு நேரத்தில் ஒருவர் நூல் வாசிக்க, மற்றையோர் கேட்டுக்கொண்டே உண்பது வழக்கம். பாரே மடத்தில் அந்நூலை வாசித்து வருங்கால், பெயர் குறிக்கப்படாத ஓர் ஆன்மாவுக்கு ஆண்டவர் அருளிய காட்சியைப் பற்றிய பகுதி வந்தது. அது யாரென எல்லாருக்கும் விளங்கிவிட்டது. அம்மையார் தலைகுனிந்து வீற்றிருந்தார். பத்தாண்டு அவர் வாய் திறந்து சொல்லாததை, இறந்தவர் ஒருவர் சாப்பாட்டு மேசையிற் சொல்லிவிட்டார்.

அடுத்த ஆண்டில் அவர் புதுத்துறவியரைப் பயிற்றும் ஆசிரியையானார். 1685 ஜூலை மாதம் 20-ந் தேதி, அவர் பெயர்த் திருநாளன்று, மாணவியர் அவருக்கு அணியும் பரிசும் தராமல், காகிதத்தில் மையினால் வரைந்த திருவிருதயப் படம் ஒன்றைச் சிறு பீடத்தில் வைத்துப் பூக்களாற் சூட்டினர். ஆசிரியை மகிழ்ந்து, மூத்த சகோதரிகளையும் அழைத்துவருமாறு விடுத்தார். மூத்தோர் வரவில்லை. புதுமைகளைப் புகுத்துவது புதுத்துறவியர் வேலையன்று, விதிநூலைப் படிக்கட்டும் என்று விடை வந்தது. அவ்வாறு எதிர்த்தோருள் முன்னின்றவர் தெ எஸ்கூர் என்னுஞ் சகோதரி; ஒழுங்கில் தலைசிறந்தவர்; அம்மையாருக்கு நெடுநாளைய நண்பருமாவார். பகையினால் அன்று, மரபைக் காக்கும் எண்ணத்தாலேயே எதிர்த்தார். தலைவியாரும், அவ்வழிபாடு புதுத்துறவியர் அறைக்கு வெளியே செல்லலாகாதென்று தடைசெய்தார்.

ஓராண்டு கழிந்தது. 1686 ஜூன் மாதம் 21-ந் தேதி வெள்ளிக்கிழமை காலையில் சகோதரிகள் வேண்டுதலுக்குக் கோவிலிற் கூடியபோது, கம்பளம் விரித்த ஒரு நாற்காலிமேல், பொன்முலாம் பூசிய சட்டத்திற் பொதிந்த சிறிய திருவிருதயப் படம் பூக்களிடையே விளங்கிற்று. எல்லாரும் வணங்க வருக என்றெழுதிய சீட்டும் அருகிருந்தது. வைத்தவர் வேறு யாருமல்லர். தெ எஸ்கூர் சகோதரியே. அப்படத்தை அம்மையாருக்கு முன்னரே அனுப்பியிருந்தவரோ, அப்போது சேமூர் என்னும் ஊரில் வேறொரு மடத்திற்குத் தலைவியாயிருந்த அக்கண்டிப்பான கிரெபியே அம்மையார். லா கொலொம்பியேர் அடிகள் தம்மை ஒப்புக்கொடுத்ததும் பதினோராண்டுக்கு முன் அதே தேதியிலேயாம். அன்று எதிர்ப்பு அனைத்தும் அடங்கியது. தோட்டத்தில் ஒரு சிறு கோவில் எடுப்பதென மடத்தார் ஒருமனமாகத் தீர்மானித்தனர். அது 1688 செப்டம்பர் மாதம் 7-ந் தேதி மந்திரிக்கப்பட்டது. இனித் தாம் நிறைவோடு இறக்கலாமென்று அம்மையார் சொன்னார்.

1690 அக்டோபரில் காய்ச்சல் கண்டது. மருத்துவர் அபாயமில்லை என்றார். தாம் பிழைப்பதில்லை என்றார் அம்மையார். ஆன்ம குருவின் கட்டளைக்காகத் தம் வாழ்க்கையை எழுதிய கையேடு ஒன்று அலமாரியிலிருந்தது. அதனை எரித்துவிடுமாறு பணிவிடை செய்த சகோதரியிடம் வேண்டினார். அச்சகோதரி, எரிப்பதினும் தலைவியாரிடம் ஒப்படைத்துவிடுதல் கீழ்ப்படிதலுக்கு ஏற்றது என்று கூற, அவர் மறுக்கவியலாது இசைந்தார். அக்கையேடு பிழைத்தது அங்ஙனமே. இவ்வரலாற்றின் பெரும்பகுதியை நாம் அறிவதும் அதனாலேயே. அம்மாதம் 17-ந் தேதி மாலை, நோயிற்பூசுதல் நடந்துகொண்டிருக்கையில் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்து மூன்று.

அவர் கேட்ட திருநாள் உடனே கிடைத்துவிடவில்லை. அவரோடு கடிதப் போக்குவரத்துச் செய்த குரூவாசே என்னும் சேசுசபையார் 1691-ல் வெளியிட்ட நூல், 1704-ல் உரோமையின் தடை நூற்பட்டியிற் சேர்க்கப்பட்டது. 1720-ம் ஆண்டில் மார்செய்ப் பட்டணத்தைக் கொள்ளைநோய் அழித்தபோது, மேற்றிராணியார் பெல்சன்சு அந்நகரைத் திருவிருதயத்திற்கு ஒப்புக்கொடுத்தார். எனினும் தனித் திருநாள் வேண்டி விடுத்த விண்ணப்பத்தை உரோமை 1729-ல் மறுத்துவிட்டது. அன்பு தோன்றுமிடம் இருதயந்தானோ என்னும் ஐயம் அம்மறுப்பிற்கு ஒரு காரணம். தமிழில் நெஞ்சு என்னுஞ் சொல் மார்பையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும். நெஞ்சோடு உசாவுதலை அகப்பொருட்டுறையாகவே வகுத்த நம் முன்னோர்க்கு அவ்வழக்கு எழுந்திராது. பின்னர் 1765-ல் பதின்மூன்றாம் கிளேமெந்து பாப்பரசர் போலந்து முதலிய சில இடங்களுக்கு அனுமதி தந்தார். 1856-ல் ஒன்பதாம் பத்திநாதர் திருச்சபை முழுதிற்கும் அத்திருநாளை விதித்தார். அவரே 1864-ல் அம்மையார்க்கு முத்திப்பேறு பட்டமும், பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1920-ம் ஆண்டு மே மாதம் 13-ந் தேதி அர்ச்சியசிஷ்டர் பட்டமும் அளித்தனர். 1899-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் மனுக்குலம் முழுதையுமே திருவிருதயத்திற்கு ஒப்புக்கொடுத்தார். 2024 அக்டோபரில் பிரான்சிஸ் பாப்பரசர் விடுத்த சுற்றுமடலும் இத்திருவிருதயத்தைப் பற்றியதே.

திருவிருதயப் படங்களின் பின்புறத்தில் பன்னிரண்டு வாக்குறுதிகள் அச்சிட்டிருத்தலை அன்பர்கள் கண்டிருக்கலாம். அவை அவ்வொழுங்கில் அம்மையார் எழுதியவையல்ல. அவர் கடிதங்களிற் சிதறிக்கிடந்தவற்றைப் பிற்காலத்தார் தொகுத்துப் பட்டியலாக்கினர்.

லா கொலொம்பியேர் அடிகள் அர்ச்சியசிஷ்டர் பட்டம் பெற்றது மிகப் பிந்தி, 1992-ம் ஆண்டிலே. அம்மையாரின் எலும்புகள் காட்சி கண்ட மடத்துக் கோவிலிலும், அடிகளின் எலும்புகள் அதே நகரத்தில் சேசுசபையார் கோவிலிலுமாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றினின்று மற்றொன்றிற்குச் சிறிது தூரமே நடக்க வேண்டும்.